பதினோராவது பார்சல்

அத்தியாயம் 9

“மதினி! அமெரிக்காக்காரி என்னமோ எழுதியிருக்கா!”

சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூடப் பொறுமையில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் அச்செடுத்த தாளை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தான் அந்தோணி பிரபு.

பெனிட்டா அடுப்பைத் தணித்துவிட்டுத் தாளை வாங்கினாள். நான்கே வரிகள். முதல் முறை நின்றுகொண்டே படித்தாள். இரண்டாம் முறை படித்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

‘இன்று மாலை உங்கள் நேரம் ஆறரைக்குக் கூப்பிடுகிறேன். நீங்கள் நல்லவை என்று குறித்த அந்தப் பதினொரு ஆர்டர்களைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். பெங்களூர்க்காரர் பதினொன்றையும் மோசடி என்று தள்ளியிருக்கிறார். கேத்தரின்.’

“என்ன மதினி, நல்ல சேதியா?”

“தெரியலை பிரபு. சாயங்காலம் தெரியும்.”

சட்டைக்குப் பொத்தான் போட்டபடி வந்த லூர்து பிரகாஷ் மனைவியின் தோள் வழியாகக் கடிதத்தை எட்டிப் பார்த்தான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் நின்றான்.

“ரெண்டு பேருல ஒருத்தரு தப்பு. அது நீயா அவனா, அதான் கேள்வி. சரியா?”

“ஆமா வாத்தியாரே. பதினோரு மார்க்கு கேள்வி.”

அவள் சிரிக்க முயன்றாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பெனிட்டாவின் கதை இந்தத் தெருவுக்கே தெரியும். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் வாசம், மாதம் ஒருமுறை ரயிலேறிக் காரைக்குடி. மூன்று வருடம் அப்படி ஓடியது. குழந்தை ஆன் மேரி மாமியார் இன்பமேரியின் கையில் வளர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், யாரோ கேட்டதற்கு அந்தக் குழந்தை, “இவங்க எங்க சென்னை அம்மா” என்று பெனிட்டாவைக் கைகாட்டியது. அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

எட்டு மாதமாகிறது. ஆன் மேரி இப்போது ‘சென்னை’ என்ற சொல்லை விட்டுவிட்டாள். ஆனால் பெனிட்டாவுக்குத் தூக்கம் போய்விட்டது. படித்த படிப்பும் பார்த்த வேலையும் உள்ளேயே கிடந்து குடைந்தன. போன வாரம் பழைய கம்பெனியிலிருந்து கடிதம். திங்கட்கிழமைக்குள் வந்து சேர்ந்தால் பழைய நாற்காலி, இல்லையென்றால் எப்போதைக்கும் இல்லை.

அந்த நேரத்தில்தான் கேத்தரின் வந்தாள். நேரில் அல்ல, டெலிபோனில்.

வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் ஊரிலுள்ள சொந்தக்காரர்களுக்குப் பரிசு அனுப்புவதற்கென்று நியூ ஜெர்சியில் ஒரு கடை. கடை என்றால் கட்டடம் கிடையாது. இன்டர்நெட்டில் படத்தைப் பார்த்து, கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்தால், இங்கே வீட்டுக்குப் பார்சல் வரும். வியாபாரம் வளர வளரத் திருட்டும் வளர்ந்தது. யாரோ ஒருவருடைய கார்டு எண்ணைத் திருடி இன்னொருவன் ஆர்டர் செய்வான். கார்டுக்காரர் இரண்டு மாதம் கழித்துக் கூச்சல் போடும்போது பொருள் போன இடம் தெரியாது.

அதைத் தடுக்கும் புரோகிராம் எழுத சென்னையில் ஐந்து பேர் தயார். அவர்களுக்கு ஒரு தலைவர் வேண்டும். “நான் பத்தாயிரம் மைல் தள்ளி இருக்கிறேன். எனக்குச் சென்னையும் ஒன்றுதான், காரைக்குடியும் ஒன்றுதான். டெலிபோனும் இன்டர்நெட்டும் இருந்தால் போதும்” என்று கேத்தரின் சொன்னபோது, பெனிட்டா ரிசீவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீட்டிலிருந்தே வேலை. இப்படி ஒன்று உலகத்தில் உண்டா?

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அவளும், பெங்களூர்க்காரர் ஒருவரும். இருவருக்கும் அறுபது ஆர்டர்கள் கொண்ட பட்டியல் ஒன்றை அனுப்பி, எது நல்லது, எது மோசடி என்று பிரிக்கச் சொன்னாள் கேத்தரின்.

அதில் பதினொரு ஆர்டர்கள் ஒரே வீட்டுக்கு. பதினொரு கார்டு, பதினொரு பெயர், நாலைந்து நாடு. கண்டனூரில் வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடு. கம்ப்யூட்டர் புத்தகம் படித்த யாரும் திருட்டு என்றுதான் சொல்வார்கள்.

பெனிட்டா படித்தது புத்தகம் மட்டும் அல்ல. ‘இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு இருபது பங்காளிகள் இருப்பார்கள், ஆளுக்கொரு தேசத்தில் பிழைப்பார்கள், கல்யாணம் என்றால் எல்லாரும் அந்த ஒரே விலாசத்துக்குத்தான் அனுப்புவார்கள்’ என்று குறிப்பு எழுதி, பதினொன்றையும் நல்லவை என்று குறித்துப் புதன்கிழமை அனுப்பிவிட்டாள். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்றைக்கு அந்தப் பெருமையைக் காணவில்லை.

“நீயே நேருல போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துரேன்” என்றான் லூர்து பிரகாஷ். “கண்டனூரு என்ன கண்காணாத சீமையா? பஸ்ஸுல போனா அரைமணி நேரம்.”

“கண்டனூருக்கா?” என்றான் பிரபு. “எதுக்குண்ணே?”

“ஒங்க மதினிக்குப் பரீட்சை. உனக்கு எதுக்கு? நீ சாயங்காலம் அந்தப் போனை யாரும் தொடாமப் பாத்துக்க, அது போதும்.”

பிரபு தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஐ.எஸ்.டி. போனும் வைத்து அவன் நடத்தும் பிரவுசிங் சென்டர்தான் பெனிட்டாவுக்கு அமெரிக்காவின் வாசல். வீட்டுக்கு டெலிபோன் கேட்டு எழுதிப் போட்டு ஒரு வருடமாகிறது. இன்னும் வரவில்லை.

மத்தியானம் இரண்டரைக்குப் பஸ் ஏறினாள். கண்டனூர் வீடு திறந்திருந்தது. ஆனால் அறைச் சாவிகளை வைத்திருக்கும் அம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். “தேனம்மை ஆச்சி வராம ஒண்ணும் சொல்ல முடியாது” என்று காவல்காரர் வேல்பாண்டி கையை விரித்துவிட்டார்.

அந்த வீட்டில் திங்கட்கிழமை கல்யாண முகூர்த்தம். வளவு என்கிற உள்கட்டைச் சுற்றி ஆட்கள் தூண்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைக் கதவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைப் பூட்டு. பெனிட்டா பூட்டுகளை எண்ணினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

ஐந்து மணிக்குத் தேனம்மை ஆச்சி வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணப் பெண்ணின் பெரியம்மா. இடுப்பில் செருகியிருந்த சாவிக் கொத்து, ஆச்சி வருவதற்கு முன்பே அவள் வருகையைச் சொல்லிவிட்டது.

“யாரு ஆத்தா நீ? பத்திரிகை வைக்க விட்டுப்போச்சா?”

“இல்லை ஆச்சி. பார்சல் அனுப்புற கம்பெனியில இருந்து வாரேன். எல்லாம் ஒழுங்கா வந்து சேந்துச்சான்னு பாக்கணும்.” பாதி உண்மைதான்.

“வந்துச்சா? வந்து குமிஞ்சிருச்சு! கல்யாணத்துக்கு வர நேரமில்லையாம், மிக்ஸி அனுப்ப நேரமிருக்காம். அஞ்சு மிக்ஸி! ஒரு பொண்ணுக்கு எதுக்கு அஞ்சு மிக்ஸி? மாப்பிள்ளையையா அரைக்கப் போறா?”

தூணுக்கு எண்ணெய் தேய்த்தவர்கள் சிரித்தார்கள். பெனிட்டாவுக்கும் சிரிப்பு வந்தது. நெஞ்சிலிருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது. நினைத்தது சரிதான். எல்லாம் உண்மையான ஆட்கள், உண்மையான கல்யாணம்.

“பேரை மட்டும் சரி பாத்துக்கிறேன் ஆச்சி.”

“வாசி.”

அவள் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். ஆச்சி ஒவ்வொரு கதவாகக் கைகாட்டினாள். “அது மூணாவது அறை, கோலாலம்பூர்க்காரன்… அது மூலை அறை, கனடாவுல இருக்கான்… அது எம் பெரிய கொழுந்தன் அறை.” இந்த வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் ஒரு அறை. அவர் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அது அவர் அறை. அவர் பெயருக்கு வந்தது அந்த அறைக்குள்தான் போகும். “ஒருத்தன் சாமானை இன்னொருத்தன் அறையில வச்சுட்டா, கல்யாணத்தை விட்டுப்புட்டுப் பஞ்சாயத்துப் பேசுவாக” என்றாள் ஆச்சி.

பத்துப் பெயர், பத்துக் கதவு.

“மெய்யநாதன்.”

ஆச்சியின் கை எழும்பவில்லை.

“மெய்யநாதனா? எங்க பங்காளியில அப்படி ஒரு பேரே கெடையாதே.”

“நல்லாப் பாருங்க ஆச்சி. சிங்கப்பூர்ல இருந்து. ஒரு கேமரா.”

“பாக்குறதுக்கு என்ன இருக்கு? இந்த வீட்டுல அறையில்லாத ஆளு யாரு? மெய்யநாதனும் இல்லை, பொய்யநாதனும் இல்லை. எலேய் வேல்பாண்டி! அப்படி ஒண்ணு வந்துச்சா?”

வேல்பாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்தார். “வந்துச்சு ஆச்சி. போன மாசம். நீங்க மெட்ராஸ்ல இருந்தீக. மெய்யநாதன் செட்டியார் வாங்கியாரச் சொன்னாகன்னு ஒரு தம்பி வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போச்சு. தெரிஞ்ச தம்பிதானேன்னு குடுத்துட்டேன்.”

“தெரிஞ்ச தம்பின்னா?”

வேல்பாண்டி பெனிட்டாவைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார். “நம்ம லூர்து வாத்தியார் தம்பிதான். கம்ப்யூட்டர் கடை வச்சிருக்குல்ல? எம் மகன் வாத்தியார்கிட்டத்தான் படிக்கிறான். உங்களையும் கோயில் திருவிழாவுல பாத்திருக்கேன். நீங்க வாத்தியார் வீட்டம்மாதானே?”

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. பெனிட்டா நின்றுகொண்டே வந்தாள்.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பெங்களூர்க்காரர் பத்து நல்ல ஆர்டரைத் தள்ளியவர். அவள் ஒரு திருட்டை உள்ளே விட்டவள். ஊர் வழக்கம் தெரியும் என்ற மிதப்பில், பெயரைப் பாராமல் வீட்டைப் பார்த்து நம்பியவள். இந்த ஊர்க்காரியைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு.

சொல்லாமல் விட்டால்? அறுபதில் ஒன்று. அமெரிக்காவில் யாருக்குத் தெரியப்போகிறது? கார்டுக்காரர் கூச்சல் போடும் நேரத்தில் அவள் வேலையில் சேர்ந்து காலூன்றியிருப்பாள். ‘ஒன்று தப்பிவிட்டது’ என்றால் முடிந்தது. ஆன் மேரி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருப்பாள்.

சொன்னால்? திருட்டைப் பிடிக்கிற வேலைக்கு, திருட்டுப் பார்சல் வாங்கியவனின் மதினியா?

பஸ் காரைக்குடிக்குள் நுழையும்போது மணி ஆறு இருபது.

பிரவுசிங் சென்டரின் வாசலில் ‘இன்று விடுமுறை’ என்று அட்டை தொங்கியது. உள்ளே போன் அருகில் மின்விசிறி, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், ஒரு நோட்டு, இரண்டு பேனா. நாற்காலியில் தலையணைகூட வைத்திருந்தான் பிரபு.

“எல்லாரையும் வெரட்டிட்டேன் மதினி. இன்னைக்கு இது ஒங்க ஆபீஸு. காப்பி வாங்கியாரவா?”

அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. போன வருடம் ஆன் மேரிக்குக் காய்ச்சல் வந்தபோது, சென்னையிலிருந்து அவள் வந்து சேரும்வரை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவன்.

“பிரபு, மெய்யநாதன் யாரு?”

தம்ளரை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது. வாய் திறந்தது. அதற்குள் போன் அடித்தது.

“எடுங்க மதினி” என்றான் மெல்ல. “மொதல்ல எடுங்க.”

கேத்தரினின் குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் தெளிவாக இருந்தது. நலம் விசாரித்தாள். குழுவைப் பற்றிக் கேட்டாள். ஐந்து பேரில் ஒருவன் வேலையைத் தள்ளிப் போட்டால் காரைக்குடியிலிருந்து எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டாள். ‘தினமும் காலையில் ஐந்து பேரிடமும் பேசுவேன். மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய் எதிரே உட்காருவேன்’ என்று பெனிட்டா பதில் சொன்னாள். அந்தப் பதில்களை அவள் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

“சரி. இப்போது அந்தப் பதினொன்று” என்றாள் கேத்தரின்.

பெனிட்டா வளவைச் சொன்னாள். அறைகளைச் சொன்னாள். சாவிக் கொத்தையும் ஐந்து மிக்ஸியையும் சொன்னாள். மறுமுனையில் கேத்தரின் வாய்விட்டுச் சிரித்தாள்.

“அற்புதம்! நேரிலேயே போய்விட்டீர்களா? எங்கள் கணக்கிலும் அதில் பத்துப் பேர் பழைய வாடிக்கையாளர்கள்தான். ஒருவர் மட்டும் புதியவர். ஆக, பதினொன்றும் நல்லவை என்கிறீர்கள். உங்கள் விடையை அப்படியே எடுத்துக்கொள்ளட்டுமா?”

தரையில் உட்கார்ந்திருந்த பிரபு நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனாலும் ரிசீவரில் வந்த சிரிப்பு அவனுக்கும் கேட்டது.

“வேண்டாம்” என்றாள் பெனிட்டா. “என் விடை தப்பு. பத்துதான் நல்லவை. பதினோராவது பெயருக்கு அந்த வீட்டில் அறை இல்லை.”

சிரிப்பு நின்றது.

“பார்சலை யாரோ வாங்கியிருக்கிறார்களே. யார் என்று தெரிந்ததா?”

“தெரிந்தது. என் வீட்டு ஆள்.”

“ஒரு நிமிடம் லைனில் இருங்கள். என் மேலதிகாரியோடு பேசிவிட்டு வருகிறேன்” என்றாள் கேத்தரின். உடனே ஏதோ பியானோ இசை ஓட ஆரம்பித்தது.

பெனிட்டா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“சொல்லு.”

“ரெண்டாவது கம்ப்யூட்டர்ல வந்து உக்காருவாரே, சபாரி சட்டைக்காரரு. அவருதான் மதினி. எனக்கு வெளியூரு, நான் போனா குடுக்க மாட்டாக, நீ வாங்கியாந்து குடுன்னாரு. உதவிதானேன்னு போனேன். திருட்டுச் சாமான்னு சத்தியமா அப்ப தெரியாது.”

“அப்ப தெரியாது. எப்பத் தெரிஞ்சுச்சு?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“எத்தனை தடவை போனே பிரபு?”

“நாலு. நாலும் வேற வேற பூட்டின வீடு. ரெண்டாந் தடவையே சந்தேகந்தான். இந்த கம்ப்யூட்டருக்குத் தவணை கட்ட முடியலை மதினி. அண்ணன்கிட்டக் கேக்கக் கூச்சமா இருந்துச்சு.”

“முட்டாப் பயலே…”

பியானோ நின்றது. “பெனிட்டா?” கேத்தரினின் குரல் மாறியிருந்தது. அதில் கோபமில்லை. சிரிப்பும் இல்லை. “வேலையைப் பற்றி இப்போது நான் எதுவும் சொல்ல முடியாது. முதலில் இதைச் சொல்லுங்கள். அது ஒன்றுதானா?”

பிரபு அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஆன் மேரி அடம் பிடிக்கும்போது இப்படித்தான் பிடிப்பாள்.

“நாலு” என்றாள் பெனிட்டா.

முந்தானையை விட்டுவிட்டான்.

“உங்கள் வீட்டு ஆள் பக்கத்தில் இருக்கிறாரா?” என்றாள் கேத்தரின். “இருந்தால் ஒன்று கேளுங்கள். இந்தக் கூட்டம் நாலோடு நிற்காது. அடுத்தது எங்கே வருகிறது? அதை நாங்கள் இப்போதே நிறுத்தியாக வேண்டும்.”

பெனிட்டா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே தமிழில் கேட்டாள். “அடுத்த பார்சலு எங்குட்டு வருது? கண்டனூரா, நேமத்தான்பட்டியா? எந்தப் பூட்டின வீடு?”

பிரபு எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பிரபு!”

“பூட்டின வீடு இல்லை மதினி.” அவன் சுவரைப் பார்த்துப் பேசினான். “போன வாரம் வேற விலாசம் கேட்டாரு. ஆளு நடமாட்டம் உள்ள வீடாக் கேட்டாரு. நான் நம்ம வீட்டு விலாசத்தைக் குடுத்துட்டேன்.”

“உம் பேருக்கா?”

“எம் பேரைக் குடுக்கப் பயமா இருந்துச்சு. நீங்க மெட்ராஸ்ல பெரிய வேலை பாத்தவுக. ஒங்க பேருக்கு அமெரிக்கப் பார்சல் வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாகன்னு…” முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். “ஒங்களுக்குத் தெரியாமலே வாங்கிக் குடுத்துறலாம்னு நெனச்சேன் மதினி. நாளைக்கு வருது.”

மின்விசிறி சுழன்றது. மேஜைமேல் நோட்டின் தாள்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன.

“பெனிட்டா? இருக்கிறீர்களா? சொன்னாரா?” மறுமுனையில் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. கேத்தரின் கம்ப்யூட்டரைத் திறந்து தயாராகிவிட்டாள். “எந்த ஆர்டரை நிறுத்த வேண்டும்? எந்தப் பெயரில் வருகிறது?”

தண்ணீரைக் குடிக்கலாம் என்று தம்ளரை எடுத்தாள். குடிக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

பிறகு, அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைச் சொன்னாள்.